பதினான்கு கட்டிலா, பன்னிரண்டா?

மலேசியாவின் பிறை நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"சிஸ்டர், எங்கள் சங்கத்துக்கு ஒரு அன்பர் பழைய பங்களா ஒன்றைக் கொடுத்திருக்கிறார். மருத்துவமனையிலிருந்து வெளிவந்து, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்கள் சில வாரங்கள் தங்கித் தேறிப் போக ஓர் இடம் அமைக்கப் போகிறோம். கூடம் 40 அடிக்கு 24 அடி. அதில் 14 கட்டில் போட்டு வரைபடம் தயார். என் அம்மா இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் போய், எலும்பு சரியாகி, புண்ணில் எம்ஆர்எஸ்ஏ கிருமியோடு வந்தார். நான்கு மாதம் பட்ட பாடு போதும். எங்கள் இடத்தில் அப்படி நடக்கக் கூடாது. கமிட்டியில் ஒருவர் மார்பிள் தரை வேண்டும் என்கிறார், இன்னொருவர் எல்லா இடத்திலும் ஏர்கோன் என்கிறார், மூன்றாமவர் கிருமியைக் கொல்லும் பெயிண்டும் புற ஊதா விளக்கும் விற்கும் ஒரு கம்பெனியை அழைத்து வந்துவிட்டார். எதில் பணத்தைப் போடுவது?"

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. இன்னும் யாராவது சிஸ்டர் என்று கூப்பிட்டால் என் கை தானாகவே பேனாவைத் தேடுகிறது. பினாங்கில் 31 வருடம் தாதி வேலை, அதில் கடைசி 14 வருடம் தொற்றுக் கட்டுப்பாடு. அந்த வேலையில் இருப்பவளை வார்டில் ஒருவருக்கும் பிடிக்காது, கட்டடக் கமிட்டியில் சுத்தமாகப் பிடிக்காது. அதனால் நான் எழுதுவதில் இரண்டொன்று உங்கள் கமிட்டிக்கும் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் அம்மா. அவருக்கு அந்தக் கிருமி எங்கே, யார் வழியாக வந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருடைய மூக்கில் சும்மா குடியிருக்கிறது, ஒரு தொந்தரவும் செய்யாமல். எம்ஆர்எஸ்ஏ அதே குடும்பம்தான், ஆனால் வழக்கமான மருந்துகளுக்கு மசியாத பிள்ளை. தையல் போட்ட புண், டிரிப் ஊசி, சிறுநீர்க் குழாய் என்று உடம்பில் ஒரு வாசல் திறந்திருந்தால் உள்ளே போய்விடும். பெரும்பாலும் அது காற்றில் பறந்து வருவதில்லை. யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. எட்டாம் கட்டிலில் போர்வையைச் சரிசெய்த கை, கழுவாமல் ஒன்பதாம் கட்டிலில் கட்டுப் பிரிக்கிறது. அவ்வளவுதான் கதை.

ஆகவே நீங்கள் அனுப்பிய வரைபடத்தை நான் அழகுக்காகப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து, காலை ஏழு மணிக்கு உங்கள் பணிப்பெண் செய்யப்போகும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பார்த்தேன். முதல் கட்டிலில் டயப்பர் மாற்றுகிறார். கைகழுவும் தொட்டி ஒன்றே ஒன்று, அதுவும் கூடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தின் கடைசியில், கழிப்பறைக்குப் பக்கத்தில். அங்கே போகிறார், வருகிறார். பத்துப் பேரை அவர் பார்ப்பதாகவும், ஒருவருக்கு ஆறு தடவைதான் கை சுத்தம் தேவைப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். 60 தடவை. சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும், போக வர அரை நிமிடம். ஒரு ஷிப்டில் ஒன்றரை மணி நேரம் கை கழுவவே போய்விடும். எந்தப் பணிப்பெண்ணும் அதைச் செய்ய மாட்டார். மூன்றாம் நாள் ஒரே கையுறையோடு நான்கு கட்டில் பார்க்க ஆரம்பிப்பார். நீங்கள் அவரைத் திட்டுவீர்கள். தப்பு அவர் மேல் இல்லை, படத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஆல்கஹால் கைத்தேய்ப்பு பாட்டில் ஒன்றை மாட்டுங்கள். அதற்கு 20 முதல் 30 விநாடி போதும், நடையும் இல்லை. அதே 60 தடவை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான்: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின் என்று ஐந்து தருணங்கள். இந்த ஐந்தும் கட்டிலருகில்தான் நடக்கின்றன. அப்படியானால் மருந்தும் கட்டிலருகில் இருக்க வேண்டாமா? ஒரு எச்சரிக்கை மட்டும். கையில் அழுக்கு தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு உள்ளவரைப் பார்த்தாலோ ஆல்கஹால் போதாது. குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியின் விதைகளை அது ஒன்றும் செய்யாது. அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான். அதனால் கூடத்துக்குள்ளேயே, வாசலை ஒட்டி ஒரு தொட்டி வேண்டும்.

தொட்டி என்று சொன்னதும் ஒரு விஷயம். நிறையத் தொட்டி வைத்தால் நிறையச் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், தொட்டிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்களுக்கே திரும்பத் திரும்ப சூடோமோனாஸ் என்ற ஈர இடத்துக் கிருமி வந்துகொண்டிருந்தது. கட்டிலில் ராசியில்லை என்று நோயாளிகள் பேசிக்கொண்டார்கள், சில தாதிகளும் நம்பினார்கள். ஒரு நாள் சாயப் பொடியை வடிகாலில் தூவி, குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தோம். தலையணை உறை வரைக்கும் சாயப் புள்ளி. குழாய்த் தண்ணீர் நேராக வடிகால் துளையில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. வடிகாலின் வளைவுக் குழாயில் கிருமிகள் வழுவழுவென்று படலமாகக் குடியேறிவிடும், எத்தனை பிளீச் ஊற்றினாலும் முழுதாகப் போகாது. 2017-இல் அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். வடிகாலுக்குள் ஊட்டச்சத்து போனபோது, அந்தப் படலம் வளைவிலிருந்து மேலே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் ஏறியது. நம் ஊரில் அந்த ஊட்டச்சத்து எது தெரியுமா? மிச்ச மைலோ, மிச்ச டீ, மிச்சக் கஞ்சி. கைகழுவும் தொட்டியில் கையைத் தவிர எதுவும் கழுவக் கூடாது. கோப்பைக்கு வேறு தொட்டி வையுங்கள். வைக்காவிட்டால் இதில்தான் ஊற்றுவார்கள், நானே ஊற்றியிருக்கிறேன்.

தொட்டி ஆழமாக இருக்கட்டும், குழாய் வாய் துளைக்கு நேர்மேலே வரக் கூடாது, முழங்கையால் திறக்கும் பிடி நல்லது. கட்டிலிலிருந்தும் மருந்து எடுத்து வைக்கும் மேசையிலிருந்தும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும், முடியாவிட்டால் நடுவில் ஒரு தடுப்பு. குழாயே வில்லனாவதும் உண்டு. 2012 ஜனவரியில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், பச்சிளங்குழந்தைகள் பிரிவு ஒன்றில் சூடோமோனாஸ் தொற்றால் மூன்று குழந்தைகள் இறந்தன, குழாய்களில் அந்தக் கிருமி இருந்தது. உங்கள் கூரைத் தொட்டித் தண்ணீர் நம் வெயிலில் எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கு அந்தச் சூடு பிடிக்கும். பயன்படுத்தாத குழாய்களை வாரம் ஒரு தடவையாவது சில நிமிடம் திறந்துவிடுங்கள். எங்கும் போகாத பழைய குழாய்க் கிளைகள் சுவருக்குள் இருந்தால் பிளம்பரிடம் சொல்லி வெட்டி அடைத்துவிடுங்கள்.

இப்போது 14 கட்டில். 40 அடியில் ஒரு வரிசைக்கு ஏழு என்றால் ஒரு கட்டிலுக்கு ஆறடி கூடக் கிடைக்காது. கட்டிலே மூன்றடி. இடையில் மிஞ்சுவது இரண்டே முக்கால் அடி, ஒரு மீட்டர் கூட இல்லை. அங்கே சக்கர நாற்காலி நுழையாது. டிரிப் ஸ்டாண்டு ஒருவருடையது இன்னொருவர் தலையணையை இடிக்கும். இருமினால் பக்கத்துக்காரர் முகத்தில் படும். பிரிட்டனில் மருத்துவமனை வார்டுகளுக்குக் கட்டில் நடுவிலிருந்து கட்டில் நடுவுக்கு 3.6 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 12 அடி, கேட்கிறார்கள். அது உங்களால் முடியாது, சரி. வரிசைக்கு ஐந்து போடுங்கள். ஒருவருக்கு எட்டடி, இடைவெளி ஐந்தடி. ஒன்றரை மீட்டர் வந்துவிட்டது.

அப்புறம் அந்தக் கூடத்தை ஒரே கூடமாக விடாதீர்கள். நீளவாக்கில் 24-ஆவது அடியில் ஒரு குறுக்குச் சுவர், கூரை வரைக்கும், கதவோடு. ஒரு பக்கம் ஆறு கட்டில், இன்னொரு பக்கம் நான்கு. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ ஒரு பக்கம் கிளம்பினால் அங்கேயே நிறுத்த ஒரு வாய்ப்பு. படத்தில் 'ஸ்டோர்' என்றும் 'கமிட்டி அறை' என்றும் போட்டிருக்கும் இரண்டு அறைகளையும் தனியறை ஆக்குங்கள். பத்தும் இரண்டும் பன்னிரண்டு. இரண்டு கட்டில்தான் இழப்பு. கமிட்டி மாடியில் கூடட்டும், கால் நன்றாக இருக்கிறவர்கள்தானே.

தனியறை ஏன் என்று கேட்பார்கள். உங்களிடம் வரப்போகிறவர்கள் மருத்துவமனையிலிருந்து நேராக வருகிறவர்கள். அவர்களில் சிலர் எம்ஆர்எஸ்ஏவையோ, அதைவிடப் பிடிவாதமான கார்பபெனெம் என்ற வலுவான ஆண்டிபயாடிக் மருந்துக்கும் அடங்காத குடல் கிருமிகளையோ தெரியாமலேயே சுமந்து வருவார்கள். அவர்களை வேண்டாமென்று திருப்பி அனுப்புவது மனிதத்தனம் இல்லை, தேவையும் இல்லை. தனியறையும் தனிக் கழிப்பறையும் இருந்தால் தைரியமாக ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு அறையிலும் கழிப்பறை கட்ட முடியாவிட்டால் ஒன்றிலாவது கட்டுங்கள். மார்பிளுக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே இங்கே திருப்பிவிடலாம். பொதுக் கழிப்பறையும் பன்னிரண்டு பேருக்கு இரண்டு போதாது, மூன்றாவது வேண்டும்.

கழிப்பறையைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன், பெட்பேனை எங்கே கழுவப் போகிறீர்கள்? படத்தில் இல்லை. படத்தில் இல்லையென்றால் கழிப்பறையில் ரப்பர் குழாயைப் பீய்ச்சித்தான் கழுவுவார்கள், அதைவிட மோசமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சுவர், கதவுப் பிடி, பணிப்பெண்ணின் முகம் எல்லாவற்றிலும் தெறிக்கும். அழுக்கு வேலைக்கென்று ஒரு சின்ன அறை ஒதுக்குங்கள். 80 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடமாவது வைத்துக் கிருமி நீக்கும் பெட்பேன் இயந்திரம் வாங்க முடிந்தால், உங்கள் பட்டியலில் நான் முழு மனதோடு கையெழுத்துப் போடுவேன். பணக்கார நன்கொடையாளர் யாராவது தன் பெயரைப் பலகையில் போடச் சொன்னால் இந்த அறைக்குப் போடுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

காற்றுக்கு வருவோம். ஏர்கோன் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நம் ஊர் மதிய வெயிலில் படுக்கைப் புண் உள்ளவரைக் கிடத்திவிட்டு நான் மட்டும் கொள்கை பேச முடியாது. ஆனால் வீடுகளில் மாட்டும் சாதாரண ஏர்கோன் வெளியிலிருந்து துளிக் காற்றையும் கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே குளிரவைத்துச் சுற்றிச் சுற்றி விடுகிறது. ஒருவர் இருமியதைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்வார்கள். இயற்கைக் காற்றோட்டம் உள்ள வார்டில் நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லிட்டர் புதுக் காற்று வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி. இரண்டு எதிர்ச் சுவரிலும் ஜன்னல் திறந்திருந்தால் நம் கடலோரக் காற்றில் அது எட்டாத கனி அல்ல.

பழைய அரசாங்க மருத்துவமனை வார்டுகளின் உயர்ந்த கூரையும் எதிரெதிர் ஜன்னலும் சும்மா வந்தவை அல்ல. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அதற்காக அந்தக் காலத்திலேயே சண்டை போட்டார். நாற்றக் காற்றுதான் நோய் தருகிறது என்று அவர் நினைத்தார். காரணம் பிசகு, ஜன்னல் சரி. பினாங்குக்காரர்களுக்கு இதில் சொந்தமாகவே ஒரு ஆசான் உண்டு. 1879-இல் ஜார்ஜ் டவுனில் பிறந்து பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியன் தே. 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற பிளேக் எலியால் அல்ல, மூச்சு வழியாகப் பரவுகிறது என்று அடித்துச் சொன்னவர். பஞ்சும் துணியும் வைத்து முகக்கவசம் தைக்கச் சொன்னார், தொடர்பில் இருந்தவர்களை ரயில் பெட்டிகளில் பிரித்து வைத்தார். இந்தச் சீன இளைஞன் என்ன சொல்வது என்று முகக்கவசம் இல்லாமல் வார்டுக்குள் போன மூத்த பிரெஞ்சு மருத்துவர் சில நாளில் இறந்துபோனார்.

ஆக, கிழக்குச் சுவரின் மூன்று ஜன்னல்களை அலமாரிக்காக அடைக்கப் போகிறோம் என்று படத்தில் எழுதியிருப்பதைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். கதவுக்கு மேலுள்ள மரச் சட்டங்களையும் பலகை அடித்து மூடாதீர்கள். கொசுவலை கட்டாயம், டிங்கி நமக்குத் தெரியாததா. புகைமூட்ட நாட்களில் ஜன்னலைச் சாத்தத்தான் வேண்டும். அதற்காக வடிகட்டியோடு வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஒரு விசிறியை இப்போதே சுவரில் அமைத்துவிடுங்கள். கார்பன் டைஆக்சைடு காட்டும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கி மாட்டுங்கள். வெளியே 420 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு, அளவில் இருக்கும். கூடத்தில் 1,000 தாண்டினால் காற்று தேங்குகிறது என்று அர்த்தம், யாராவது எழுந்து ஜன்னலைத் திறக்க வேண்டும்.

தனியறைகளில் வெளிச்சுவரில் ஒரு உறிஞ்சு விசிறி வையுங்கள். கதவைச் சாத்திவிட்டு, கதவடியில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட்டால் சரி. தாழ்வாரத்துக்கு வந்தால் விசிறி போதவில்லை. இதெல்லாம் சளிக்காய்ச்சலுக்கு ஏதோ உதவும். காசநோயோ அம்மையோ என்று சந்தேகம் வந்தால் அந்த நோயாளியின் இடம் மருத்துவமனைதான், அங்கே மணிக்கு 12 தடவை காற்று மாறும் அறைகள் இருக்கின்றன.

பெயிண்டும் ஊதா விளக்கும்: வேண்டாம். விளக்கின் கதிர் நிழலுக்குள் போகாது, தூசியையும் அழுக்கையும் ஊடுருவாது, ஆள் இருக்கும்போது போட முடியாது. உங்கள் கூடத்தில் எப்போதும் ஆள் இருப்பார்கள். சுவரை யாரும் தொடுவதில்லை ஐயா, அதற்கு எதற்கு விசேஷ பெயிண்ட்? தொடுவது கட்டில் கம்பி, அழைப்பு மணி, சுவிட்ச், டிவி ரிமோட், சாப்பாட்டு மேசை, கழிப்பறைக் கதவுப் பிடி. எம்ஆர்எஸ்ஏ காய்ந்த பரப்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த ஆறேழு பொருளையும் தினம் இரண்டு தடவை துடைக்க ஒரு ஆளுக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுங்கள், விளக்கைவிட அது நன்றாக வேலை செய்யும். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், முதலில் சோப்பால் துடைத்துவிட்டு, பிறகு இது. பத்து நிமிடம் ஈரம் இருக்க வேண்டும். கழிப்பறை அமிலத்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். தரைக்கு, சுவரோடு வளைந்து சேரும் ஒட்டுத் தெரியாத வினைல் போதும். மார்பிள் இடுக்கில் அழுக்குச் சேரும், ஈரத்தில் வழுக்கும், உங்கள் அம்மா வயதுக்காரர்களுக்கு இன்னொரு இடுப்பெலும்பு போகும்.

கட்டிலுக்குக் கட்டில் திரைச்சீலை போடுங்கள், மானம் முக்கியம். ஆனால் எல்லாரும் அழுக்குக் கையால் இழுக்கும் பொருள் அது, ஒரு வாரத்திலேயே கிருமி ஏறிவிடும். இரண்டு செட் தைத்து, மாற்றிய தேதியை ஓரத்தில் எழுதி வையுங்கள்.

வருகிறவர்களுக்கு நாற்காலியும் வரையுங்கள். எனக்குத் தெரிந்து எந்தக் கட்டடக்கலைஞரும் முதல் படத்தில் அதை வரைந்ததில்லை. நாற்காலி இல்லையென்றால் சித்தி கட்டிலில்தான் உட்காருவார், சாப்பாட்டுக் கேரியரும் கட்டிலில்தான் இருக்கும். முருகன் படம் வைக்க தலைமாட்டில் ஒரு சின்னத் தட்டு அமைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்துத் தட்டில் வைப்பார்கள். திருநீறு நெற்றியோடு நிற்கட்டும், தையல் மேல் தடவ வேண்டாம் என்று தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து நேராக வருகிறவர்களிடம் பக்குவமாகச் சொல்ல ஒரு ஆளைப் பழக்குங்கள். நான் அதை 31 வருடமும் சொன்னேன், பாதி பேர் கேட்டார்கள்.

இத்தனை செய்தும், இரவில் பன்னிரண்டு பேருக்கு ஒரே ஒரு பணிப்பெண் என்றால் நான் சொன்ன எதுவும் நிற்காது. கூட்டமும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்த இடத்தில் கை சுத்தம்தான் முதலில் போகும். இரவுக்கு இரண்டு பேருக்குச் சம்பளம் இல்லையென்றால் எட்டுக் கட்டிலோடு ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, சுவரை இடிப்பதற்கு முன் உரிமம். புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் குழாய் மாற்றுவதும் செய்தால் 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் மற்றும் சேவைகள் சட்டம் உங்களைத் தொடுமா, அல்லது 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூகநலத்துறையில் பதிந்தால் போதுமா என்று இரண்டு அலுவலகத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். மாடியில் வேலை பாக்கியிருக்கும்போது கீழே நோயாளிகளைச் சேர்க்காதீர்கள். இடிக்கும் தூசியில் வரும் பூஞ்சை, பலவீனமான நுரையீரலைப் பிடித்துவிடும்.

சனிக்கிழமை கமிட்டியைக் கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். மறைப்பு நாடா நான்கு சுருள் வாங்கி, பத்துக் கட்டிலையும் தரையில் ஒட்டுங்கள். ஒரு சக்கர நாற்காலி இரவல் வாங்கி, ஏர்கோன் கேட்டவரை உட்காரவைத்து, மார்பிள் கேட்டவரைத் தள்ளச் சொல்லுங்கள், ஐந்தாம் கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும். எங்கே இடிக்கிறது, கை எங்கெங்கே படுகிறது என்று நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பதினான்கு கட்டில் படத்தையும் ஒட்டி, அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். விவாதம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

திருத்திய படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். குப்பைத் தொட்டி எங்கே என்றும் போடுங்கள், முதல் படத்தில் ஒன்றுகூட இல்லை. காலால் மிதித்துத் திறப்பது, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு தனியறைக்குள்ளும் கதவோரம் ஒன்று.